பெட்ரோல் டேங்க் மாற்றும்போது இணைப்புகளைக் கசிவில்லாமல் அடைப்பது எப்படி?

மோட்டார் சைக்கிளில் வேறு பெட்ரோல் டேங்கைப் பொருத்திய பிறகு கசிவு தோன்றினால், அது பெரும்பாலும் தகட்டிலிருந்து வருவதில்லை. டேங்கோடு வேறொரு பாகத்தை இணைத்திருக்கும் இடங்களிலிருந்துதான் வருகிறது. கார்புரேட்டர் வண்டியில் பெட்ரோலைத் திறந்து மூடும் திருகான பெட்ரோல் காக், அளவுகாட்டியின் மிதவை, ஹோஸ் முனைகள் ஆகியவையும், கார்புரேட்டர் இல்லாமல் இன்ஜெக்டர் வழியாகப் பெட்ரோல் செல்லும் பிஎஸ்6 வண்டிகளில் காக்குக்குப் பதிலாக டேங்கோடு பொருத்தப்பட்டிருக்கும் பெட்ரோல் பம்பும் அத்தகைய இடங்கள். வீட்டுத் தண்ணீர்க் குழாயின் மரையில் வெள்ளை டேப்பைச் சுற்றிப் பழகிய கை, இங்கேயும் அதையே செய்ய முற்படுகிறது. ஆனால் டேங்கின் இணைப்புகளில் பெரும்பாலானவற்றில் மரையின் வேலை இறுக்கிப் பிடிப்பது மட்டுமே. அடைக்கும் வேலையைச் செய்வது, ஒன்றோடொன்று அழுந்தும் இரண்டு சமதளங்களும் அவற்றுக்கு நடுவிலுள்ள வாஷரோ, ஓ-ரிங் எனப்படும் ரப்பர் வளையமோ ஆகும். அந்தத் தளங்கள் சுத்தமாக இருந்து, வாஷர் சரியான பொருளால் ஆனதாக இருந்தால் பசையே தேவைப்படாது. அவை சரியில்லாதபோது எத்தனை டியூப் பசையைப் பிழிந்தாலும் கசிவு திரும்பி வரும்.

வேலையைத் தொடங்கும் முன்

பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது. அது தரையோடு ஊர்ந்து சென்று பள்ளத்தில் தங்கும். பெட்ரோலின் தீப்பற்றுநிலை சுழியத்துக்குக் கீழே ஏறக்குறைய 40 டிகிரி செல்சியஸ் என்பதால், குளிர்ந்த விடியற்காலையிலும் அது தீப்பற்றத் தயாராகவே இருக்கிறது. ஆகவே இந்த வேலையைத் திறந்த முற்றத்தில் செய்ய வேண்டும். கார் ஷெட்டிலோ, சமையலறையை ஒட்டிய பின்தாழ்வாரத்திலோ செய்யக் கூடாது. மாலையில் விளக்கேற்றும் நேரத்துக்குள் முடியும்படி காலையிலேயே தொடங்குவது நல்லது. கன்னியாகுமரி மாவட்டத்தில் ஆரல்வாய்மொழி, முப்பந்தல் பக்கம் இருப்பவர்கள் காற்று வேகமெடுக்கும் மாதங்களில் சுவர் மறைவைத் தேட வேண்டியிருக்கும், ஏனெனில் ஓ-ரிங்கின் பள்ளத்தில் விழும் ஒரு மணல் துகளே கசிவுக்குப் போதுமானது.

எஞ்சின் நன்றாக ஆறிய பிறகு பேட்டரியின் நெகட்டிவ் முனையைக் கழற்றி விடுங்கள். டேங்கிலுள்ள பெட்ரோலை மூடியுள்ள உலோகக் கேனில் வடித்துக்கொள்ளுங்கள். குளிர்பானப் பாட்டில் இதற்கு ஏற்றதன்று. காலியான டேங்க் ஆபத்தில்லாதது என்று நினைப்பது தவறு. நிறைந்த டேங்கில் ஆவிக்கு இடம் குறைவு. காலியான டேங்கிலோ ஆவியும் காற்றும் வெடிக்கும் விகிதத்தில் கலந்து நிற்கக்கூடும். அருகில் கிரைண்டரோ வெல்டிங்கோ நடந்துகொண்டிருந்தால் வேலையை வேறு நாளுக்குத் தள்ளிப்போடுங்கள். கைக்கெட்டும் தூரத்தில் ஒரு வாளி மணல் இருக்கட்டும்.

பிஎஸ்6 வண்டியாக இருந்தால் பேட்டரியைக் கழற்றும் முன் ஒரு படி கூடுதலாக உண்டு. அவற்றில் பம்பிலிருந்து இன்ஜெக்டருக்குச் செல்லும் குழாயில் பெட்ரோல் பொதுவாக 3 பார் அளவு அழுத்தத்தில் நிற்கும். பம்பின் மின் இணைப்பை மட்டும் உருவிவிட்டு எஞ்சினை ஓடவிட்டால், குழாயில் மீந்திருக்கும் பெட்ரோல் தீர்ந்து அது தானே அணையும். அதன் பிறகும் துணியால் சுற்றிப் பிடித்துக்கொண்டுதான் இணைப்பைக் கழற்ற வேண்டும்.

புதிய டேங்கின் முகம்

நாகர்கோவிலிலோ மார்த்தாண்டத்திலோ கடையில் வாங்கிய புதிய டேங்காக இருந்தாலும், பழைய வண்டியிலிருந்து எடுத்த டேங்காக இருந்தாலும், முதலில் பார்க்க வேண்டியது காக் உட்காரும் முகத்தைத்தான். பெயின்ட் அடிப்பவர்கள் அந்த முகத்தை மறைத்துவிட்டு அடிப்பதில்லை. மரைத் துளைகளுக்குள்ளும் பெயின்ட் இறங்கியிருக்கும். பெயின்டின் மேல் அழுந்திய ஓ-ரிங் முதல் நாள் நன்றாகவே அடைக்கும். பெட்ரோல் பட்டுப் பட்டு அந்தப் படலம் இளகி உரியத் தொடங்கும்போது, ஓ-ரிங்குக்கும் உலோகத்துக்கும் நடுவில் வழி உண்டாகிவிடும். எனவே ஓ-ரிங் தொடும் வட்டத்தில் மட்டும் பெயின்டைச் சுரண்டி எடுத்து, 400 நம்பர் உப்புத்தாளை ஒரு சிறிய தட்டையான மரத்துண்டில் ஒட்டி, பளிச்சென்ற உலோகம் தெரியும்வரை தேய்க்க வேண்டும். விரலால் அழுத்தித் தேய்த்தால் விளிம்புகள் உருண்டு, நடுப்பகுதி மேடாகிவிடும். வட்டத்துக்கு வெளியே உள்ள பெயின்டைத் தொட வேண்டாம். குளச்சல், முட்டம் போன்ற கடலோர ஊர்களில் பெயின்ட் போன தகடு துருப்பிடிக்க அதிக நாள் எடுக்காது.

பயன்படுத்திய டேங்கின் முகத்தில் துரு அரித்த குழிகள் இருக்கலாம். நகத்தை ஓடவிட்டுப் பாருங்கள்; நகம் தட்டுப்படும் குழி ஓ-ரிங்கின் கீழே ஓடினால் அங்கே கசியும். இலேசான குழியை உப்புத்தாளால் தேய்த்தே போக்கிவிடலாம். ஆழமான குழிகள் பல இருந்தால் அந்த டேங்கை வாங்காமலிருப்பதே சரி. எம்-சீலை அப்பி நிரவித் தருவதாகச் சிலர் சொல்வார்கள். வழியில் ஓட்டை விழுந்த டேங்கோடு வீடு சேர்வதற்கு அந்த வைத்தியம் உதவலாம். காக் உட்காரும் முகத்துக்கு உதவாது.

மரைத் துளையிலுள்ள பெயின்டை எடுக்க, மரை வெட்டும் டேப் என்ற கருவியை அதே அளவில் எடுத்து, கையால் மெதுவாக இறக்கி ஏற்றினால் போதும். இரண்டு போல்ட்களால் பிடிக்கும் காக்குகளில் பெரும்பாலும் எம்6 மரைதான் இருக்கும், அதாவது 6 மி.மீ. விட்டமும் 1 மி.மீ. மரை இடைவெளியும் கொண்டது. இப்படிச் சுரண்டியதில் விழுந்த தூளோடு, வெல்டிங் பொடியும் துருவும் டேங்கின் உள்ளே கிடக்கும். அரை லிட்டர் பெட்ரோலை ஊற்றிக் குலுக்கி, வெள்ளைத் துணி வழியாக வடிகட்டிப் பாருங்கள். துணியில் எதுவும் படியாமல் ஆகும்வரை இதைத் திரும்பச் செய்ய வேண்டும்.

காக்கின் முகம் நேராக இருக்கிறதா?

பழைய காக்கையே புதிய டேங்கில் போடுவதாக இருந்தால், அது வளைந்திருக்கிறதா என்று பார்ப்பதைத் தவிர்க்காதீர்கள். கசிவை நிறுத்த யாரோ ஒருவர் எப்போதோ போல்ட்களைப் பலங்கொண்ட மட்டும் முறுக்கியிருப்பார். அலுமினியக் கலவையால் ஆன அந்தத் தகட்டின் இரண்டு ஓரங்களும் டேங்கை நோக்கி வளைந்து, நடுப்பகுதி டேங்கின் முகத்திலிருந்து விலகி நிற்கும். இனி எவ்வளவு இறுக்கினாலும் வளைவு கூடுமே தவிர அடைப்பு கூடாது. ஒரு கண்ணாடித் துண்டின் மேல் உப்புத்தாளை விரித்து, ஓ-ரிங்கை எடுத்துவிட்டுக் காக்கின் முகத்தை எட்டு வடிவில் மெல்லத் தேய்த்தால் எங்கே மேடு, எங்கே பள்ளம் என்பது உடனே தெரிந்துவிடும். முழு முகமும் ஒரே நிறமாகும்வரை தேய்த்தால் சமதளம் திரும்பக் கிடைக்கும். ஓ-ரிங்கின் பள்ளம் ஆழம் குறைந்துவிடும் அளவுக்குத் தேய்க்க வேண்டியிருந்தால் புதிய காக் வாங்கிவிடுங்கள்.

இரண்டு போல்ட்கள் உள்ள அமைப்பில் பலர் கவனிக்கத் தவறும் இடம் ஒன்று உண்டு. சில டேங்குகளில் போல்ட் துளைகள் மூடிய அடியுடன் இருக்கும். வேறு சிலவற்றில் அவை நேராக டேங்குக்குள்ளேயே திறந்திருக்கும். திறந்திருப்பவற்றில் பெட்ரோல் மரை வழியாக இறங்கி, போல்ட்டின் தலைக்கடியில் சொட்டும். ஓ-ரிங்கை மாற்றி மாற்றிப் பார்த்தும் கசிவு நிற்காததற்கு இதுவே காரணமாக இருக்கலாம். அத்தகைய போல்ட்களின் தலைக்கடியில் அடைப்பு வாஷர் இருக்க வேண்டும். பழையதைக் கழற்றும்போது எந்தப் போல்ட்டில் என்ன வாஷர் இருந்தது என்பதைக் கைபேசியில் படம் எடுத்து வைத்துக்கொள்வது நல்லது. அந்தப் படத்தை ஆவி இல்லாத இடத்தில் வைத்து எடுங்கள்.

ஓ-ரிங்கைப் பள்ளத்தில் முறுக்கில்லாமல் படிய வைத்து, ஒரு துளி எஞ்சின் ஆயில் தடவி, காக்கின் உள்குழாயும் வலையும் துளையின் விளிம்பில் உரசாதபடி நேராக நுழையுங்கள். இரண்டு போல்ட்களையும் முதலில் கையாலேயே திருகி, பிறகு இரண்டையும் மாறி மாறிக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்க வேண்டும். 10 நம்பர் ஸ்பேனரை அதன் தலைக்கு அருகிலேயே பிடித்தால் முறுக்கு அளவு மீறாது. ஓ-ரிங் அழுந்தி இரண்டு உலோகங்களும் தொட்டுவிட்டால் அதற்கு மேல் இறுக்குவதில் பயனில்லை. உங்கள் வண்டியின் சர்வீஸ் கையேட்டில் முறுக்குவிசை குறிப்பிடப்பட்டிருந்தால் அதையே பின்பற்றுங்கள்.

எந்த ரப்பர்?

கன்னியாகுமரி மாவட்டத்தில் ரப்பருக்குப் பஞ்சமில்லை. குலசேகரம், அருமனைப் பக்கத்துத் தோட்டங்களில் காலைதோறும் பால் வடிகிறது. ஆனால் மரத்திலிருந்து வரும் அந்த இயற்கை ரப்பரைத்தான் பெட்ரோல் இணைப்பில் வைக்கவே கூடாது. அது பெட்ரோலை உறிஞ்சி ஊதிப் பருத்து, பள்ளத்தை விட்டுப் பிதுங்கி, கடைசியில் பிசுபிசுத்துக் கிழியும். சைக்கிள் டியூபை வட்டமாக வெட்டிப் போடும் வழக்கம் இன்னும் சில பட்டறைகளில் இருக்கிறது. டியூப் இயற்கை ரப்பரானாலும் பியூட்டைல் ரப்பரானாலும் இரண்டுமே பெட்ரோலுக்கு ஆகாதவை. தண்ணீர்க் குழாய்க் கடையில் கிடைக்கும் இபிடிஎம் ரப்பர் வளையமும், பார்வைக்கு அழகான சிலிகான் வளையமும் அப்படியே.

பெட்ரோலுக்கு ஏற்றவை நைட்ரைல், வைட்டான் என்ற இரண்டு செயற்கை ரப்பர் வகைகள். வெறும் பெட்ரோலாக இருந்த காலத்தில் நைட்ரைல் போதுமானதாக இருந்தது. இன்று நிலைமை வேறு. 2022-இல் இந்தியா பெட்ரோலில் 10 விழுக்காடு எத்தனால் கலப்பை எட்டியது. 2023 முதல் 20 விழுக்காடு கலந்த இ20 பெட்ரோல் படிப்படியாகப் பெட்ரோல் பங்குகளுக்கு வந்தது. எத்தனால் பழைய வகை நைட்ரைலையும், தக்கைப் பேக்கிங்கையும் பெட்ரோலைவிட அதிகமாகச் சோதிக்கிறது. வைட்டான் விலை கூடுதலானாலும் ஒரு வளையத்துக்கு ஆகும் வேறுபாடு பெரிதன்று. என்னைக் கேட்டால், புதிதாக மாற்றுகிறவர்கள் வைட்டானையே கேட்டு வாங்க வேண்டும் என்பேன்.

கடைக்காரர் கொடுத்த வளையம் எந்தப் பொருள் என்று தெரியாவிட்டால் சோதிப்பது எளிது. அதன் தடிமனை வெர்னியரால் அளந்து குறித்துக்கொண்டு, மூடியுள்ள சிறு கண்ணாடிக் குப்பியில் பங்கில் வாங்கிய பெட்ரோலை ஊற்றி, அதில் வளையத்தை மூன்று நான்கு நாள் நிழலில் ஊறவிடுங்கள். எடுத்து அளக்கும்போது அது கண்ணுக்குத் தெரியும்படி பருத்திருந்தாலோ, இழுத்தால் மாவு போல் விட்டுப் பிரிந்தாலோ தூக்கி எறியுங்கள். இரண்டு வளையம் வாங்கி ஒன்றைச் சோதனைக்கு விட்டால் போதும்.

நேராக மரையில் ஏறும் காக்குகள்

பழைய பிரிட்டிஷ் பாணி வண்டிகளில் காக் போல்ட்டால் பிடிக்கப்படுவதில்லை. அதன் கழுத்திலுள்ள மரையே டேங்கில் ஏறும். இவற்றில் அதிகம் காணப்படுவது கால் அங்குல பிஎஸ்பி மரை. பெயரைப் பார்த்துக் கால் அங்குல விட்டம் என்று நினைத்து அளவு கேட்டால் தவறான பாகம் வரும். அதன் வெளிவிட்டம் சுமார் 13.2 மி.மீ., அங்குலத்துக்கு 19 மரைகள். இது முனையில் குறுகாத இணை மரை என்பதால் மரையே அடைக்கும் என்று எதிர்பார்க்க முடியாது. காக்கின் தோளுக்கும் டேங்கின் முகத்துக்கும் நடுவே ஒரு வாஷர் அழுந்தியாக வேண்டும். இதற்கு மிகவும் ஏற்றது, இரும்பு வளையத்தின் உட்புறத்தில் ரப்பர் உதடு ஒட்டிய டவுட்டி வாஷர். ஃபைபர் வாஷரும் பயன்படும். ஆனால் ஒருமுறை அழுந்தியது மறுமுறை சரியாக அடைக்காது. செம்பு வாஷரைத் திரும்பப் போடுவதானால் அதைச் சிவக்கக் காய்ச்சித் தண்ணீரில் ஆற்றினால் இளகிவிடும். அந்தக் காய்ச்சும் வேலையை வண்டியிலிருந்து வெகுதூரத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

இந்த வகைக் காக்கை இறுக்கி முடிக்கும்போது அதன் ஹோஸ் முனை கார்புரேட்டரைப் பார்க்காமல் வேறு பக்கம் திரும்பி நிற்பது வழக்கமான தொல்லை. திசை சரியாவதற்காக அரைச் சுற்றுத் தளர்த்தி விடுவதால்தான் பாதிக் கசிவுகள் வருகின்றன என்பது என் எண்ணம். தளர்த்துவதற்குப் பதிலாக வேறு தடிமனுள்ள வாஷரை மாற்றிப் பார்த்தால், இறுகும் இடமும் திசையும் ஒன்றாக வரும். சில காக்குகளில் நடுவிலுள்ள நட்டின் ஒரு பாதி வலமரையாகவும் மறுபாதி இடமரையாகவும் இருக்கும். அவற்றில் காக்கைச் சரியான திசையில் பிடித்துக்கொண்டு நட்டை மட்டும் திருகலாம். இரண்டு பக்கமும் ஒரே சமயத்தில் மரையைப் பிடிக்கும்படி தொடங்க வேண்டும், இல்லையென்றால் ஒரு பக்கம் முடிந்த பிறகும் மறுபக்கம் தளர்ந்தே நிற்கும்.

பசைகளைப் பற்றி

சிலிகான் பசையைப் பெட்ரோல் படும் இடத்தில் பூசக் கூடாது. எஞ்சின் ஆயிலைத் தாங்கும் அந்தப் பசை, பெட்ரோலில் ஊறி உப்பி, நூல் நூலாகப் பிரிந்து, கார்புரேட்டரின் ஜெட் என்ற நுண்துளையைப் போய் அடைக்கும். பழைய மெக்கானிக்குகள் நம்பிய ஷெல்லாக் என்ற அரக்கு, பெட்ரோலில் கரையாது என்பது உண்மைதான். ஆனால் அது சாராயத்தில் கரையும். மரச்சாமான்களுக்குப் பாலிஷ் போடும் தச்சர்கள் அதைக் கரைப்பதே சாராயத்தில்தான். எத்தனாலும் அந்தச் சாராயமே என்பதால், இ20 பெட்ரோல் வரும் டேங்கில் ஷெல்லாக்கை நம்ப முடியாது.

வெள்ளை டெஃப்லான் டேப் பெட்ரோலாலும் எத்தனாலாலும் கெடாது. அதன் குற்றம் வேறு: மரையில் ஏறும்போது கிழிந்த துணுக்குகள் டேங்குக்குள் விழும். வாஷர் வைக்கும் இணை மரையில் அது தேவையுமில்லை; தோள் முழுமையாக உட்காராமல் தடுப்பதோடு சரி. முனை குறுகும் மரையுள்ள இணைப்பில் மட்டும், முதல் இரண்டு மரைகளை வெறுமையாக விட்டுவிட்டு, மரை ஏறும் திசையிலேயே இரண்டு சுற்றுச் சுற்றலாம். அத்தகைய இடத்தில் டேப்பைவிடச் சிறந்தது, பெட்ரோலுக்கும் எத்தனாலுக்கும் ஏற்றது என்று டியூபிலேயே அச்சிட்டிருக்கும், காற்றில்லாத இடத்தில் கெட்டியாகும் மரைப் பசை. எண்ணெய்ப் பிசுக்கு இல்லாத உலோகத்தில்தான் அது பிடிக்கும். பெட்ரோல் ஊற்றுவதற்கு முன் ஒரு நாள் முழுவதும் காயவிடுங்கள். சில பிளாஸ்டிக் பாகங்களை அது வெடிக்கச் செய்யும் என்பதால் அவற்றின் பக்கம் அதைக் கொண்டுபோக வேண்டாம். ஓ-ரிங்கின் மேல் எந்தப் பசையும் கூடாது.

மிதவையும் பம்பும்

அளவுகாட்டி மிதவைக்கும் பெட்ரோல் பம்புக்கும் பேக்கிங்கைப் புதிதாகவே போட வேண்டும். கழற்றிய பேக்கிங் நன்றாகத் தோன்றினாலும் அது பழைய டேங்கின் முகத்துக்கு ஏற்ப அழுந்திப் பழகியது. மிதவையின் கம்பியை வளைக்காமல், எந்தக் கோணத்தில் வெளியே வந்ததோ அதே கோணத்தில் நுழையுங்கள். பம்பின் போல்ட்களை எதிரெதிராக, இரண்டு மூன்று சுற்றில் இறுக்க வேண்டும். அவற்றின் முறுக்குவிசைக்குக் கையேடே அளவுகோல். ஹோஸின் பூட்டு முனை "டக்" என்று விழுந்த பிறகு ஒருமுறை இழுத்துப் பாருங்கள்.

ஹோஸும் மூடியும்

புதிய டேங்குக்குப் பழைய ஹோஸ் வேண்டாம். ஒளி ஊடுருவும் மலிவான குழாய் சில மாதங்களில் விறைத்து, முனையில் வெடிக்கும். கார்புரேட்டர் வண்டிக்கு எஸ்ஏஇ ஜே30 ஆர்7 என்று அச்சிட்ட ஹோஸ் போதும். இன்ஜெக்டர் வண்டிக்கு நிறுவனத்தின் ஹோஸையே வாங்க வேண்டும். முனையிலுள்ள மேட்டைத் தாண்டி ஹோஸ் ஏறிய பிறகு, கிளிப் அந்த மேட்டுக்குப் பின்னால் உட்கார வேண்டும். மேட்டின் மேலேயே உட்கார்ந்த கிளிப் நழுவும்.

மூடியின் ரப்பர் வளையம் விறைத்திருந்தால், மேட்டு நிலத் தோட்டப் பாதைகளில் ஏறி இறங்கும்போது பெட்ரோல் மூடியைச் சுற்றி வழியும். நம் மாவட்டத்துக்குத் தென்மேற்குப் பருவமழையும் வடகிழக்குப் பருவமழையும் உண்டு என்பதால், அதே வழியாக மழைநீர் உள்ளேயும் இறங்கும். எத்தனால் கலந்த பெட்ரோலில் தண்ணீர் அளவு மீறிச் சேர்ந்தால், எத்தனாலும் தண்ணீரும் கூடிப் பிரிந்து டேங்கின் அடியில் தங்கிவிடும். காக் முதலில் உறிஞ்சுவது அதைத்தான். ஆகவே மூடியின் வளையத்தை மாற்றுங்கள். ஆனால் கசிவுக்கு அஞ்சி மூடியிலுள்ள காற்றுத் துளையை அடைத்துவிடாதீர்கள். அது அடைபட்டால் பெட்ரோல் இறங்கும் இடத்துக்குக் காற்று வராமல், வண்டி சிறிது தூரம் ஓடி நின்றுவிடும்.

சோதனை

கார்புரேட்டர் வண்டியின் டேங்கை வண்டியில் ஏற்றும் முன்பே சோதிப்பது நல்லது. இரண்டு பழைய டயர்களின் மேல் டேங்கை நேராக உட்கார வைத்து, காக்கை மூடி, ஒன்றிரண்டு லிட்டர் மண்ணெண்ணெய் ஊற்றுங்கள். பெட்ரோல் மெல்லக் கசிந்தால் கண்ணில் படும் முன்பே ஆவியாகிவிடும். மண்ணெண்ணெய் மெதுவாக ஆவியாவதால் ஈரம் தங்கும். இணைப்புகளைத் துடைத்து உலர்த்தி, அவற்றைச் சுற்றிச் சுண்ணக்கட்டிப் பொடியைத் தடவி இரவு முழுவதும் விட்டால், மறுநாள் காலையில் கசிந்த இடம் கருத்துத் தெரியும். கம்ப்ரசர் காற்றால் சோதிக்க வேண்டாம், தகடு உப்பிவிடும். மண்ணெண்ணெயை முழுவதும் வடித்துவிட்டு, டேங்கை ஏற்றி, பெட்ரோலோடு மறுபடியும் ஒருமுறை பார்க்க வேண்டும், ஏனெனில் பெட்ரோல் அதைவிட மெல்லிய திரவம். இன்ஜெக்டர் வண்டிக்கு இந்த மண்ணெண்ணெய் முறை ஆகாது. அதில் பெட்ரோலே ஊற்றி, எஞ்சினை இயக்காமல் சாவியை மூன்று நான்கு முறை போட்டு அணைத்து, பம்ப் அழுத்தம் ஏற்றும்போது இணைப்புகளைக் கவனியுங்கள்.

முதல் சில நாட்கள் டேங்கை விளிம்புவரை நிரப்ப வேண்டாம். 10 லிட்டர் பெட்ரோல் 20 டிகிரி சூடேறினால் சுமார் 190 மில்லிலிட்டர் விரியும்; விளிம்புவரை நிரப்பிய வண்டியை வெயிலில் நிறுத்தினால் மூடி வழியே வழிவதை இணைப்புக் கசிவென்று தவறாக நினைக்க நேரும். முதல் ஓட்டத்துக்குப் பிறகு எஞ்சின் ஆறியதும் விரலால் தொட்டுப் பாருங்கள். ஈரம் இருந்தால் இறுக்கிப் பார்க்கும் ஆசையை அடக்கிக்கொண்டு, கழற்றி முகத்தையும் வளையத்தையும் பார்ப்பதுதான் வழி.

பழைய டேங்கை, பழைய இரும்பு வாங்கும் ஆக்கர் கடைக்குக் கொடுப்பதானால், மூடியையும் காக்கையும் கழற்றிப் பல நாள் திறந்த வெளியில் காயவிட்டு, அது பெட்ரோல் டேங்க் என்பதைக் கடைக்காரரிடம் வாய்விட்டுச் சொல்லிக் கொடுங்கள். அங்கே கேஸ் கட்டரைக் கையில் எடுப்பவருக்கு அது தெரிந்திருக்க வேண்டும்.